உடலற்ற குரல்கள்: தமிழ்த் திரையில் பேசுவது யார்?

1

தமிழ்த் திரைப்படம் குறித்து இதுகாறும் நடந்துள்ள விவாதங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். பிம்பம் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். எம்.ஜி.ஆர். குறித்து 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பே பிம்பத்தைப் பற்றியதுதான். வசனம் பற்றிப் பேசியிருக்கிறோம். திராவிட இயக்கம் திரையைக் கைப்பற்றிய கதையை வசனத்தை வைத்தே சொல்லிவருகிறோம். பாட்டு, ரசிகர் மன்றம், கட்-அவுட், பாலாபிஷேகம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்த வசனத்தைச் சுமந்துவந்த குரல் பற்றி? ஏறக்குறைய மௌனம்தான். வசனம் என்றால் எழுத்து, நடிப்பு என்றால் முகம் என்று பிரித்துக்கொண்டுவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் தொண்டை என்று ஒன்று இருக்கிறதே, அது நம் விமர்சனத்தின் காதில் விழவில்லை.

இதனால் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்கலாம். திரையில் ஒரு பெண் அழுகிறாள். அந்த முகம் ஒருத்தியுடையது, அழுகை இன்னொருத்தியுடையது. நாம் பார்ப்பதும் கேட்பதும் ஒரே பாத்திரம் என்று நம்பவைக்கப்படுகிறோம், நம்புகிறோம், கண்ணீரும் விடுகிறோம். விமர்சனம் எழுத உட்காரும்போது முகத்துக்குச் சொந்தக்காரியின் பெயரை மட்டும் எழுதுகிறோம். இன்னொருத்தி எங்கே போனாள் என்பதுதான் இங்கே எழுப்ப நினைக்கும் கேள்வி.

குரலையும் உடலையும் பிரிப்பது தொழில்நுட்பம் சார்ந்த காரியம். பிரித்த பிறகு எந்த உடலுக்கு அதன் குரலைத் திருப்பித் தருவது, எந்தக் குரலுக்குப் பெயர் வைப்பது என்பது அதிகாரம் சார்ந்த காரியம். முதலாவதன் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

2

பிரிப்பதே மோசடி, சொந்தக் குரலில் பேசுவதுதான் அசல் நடிப்பு என்னும் தூய்மைவாதத்தை முதலில் ஓரங்கட்டிவிடலாம். அசல், போலி என்கிற இந்த எதிர்வு நம்முடைய நிகழ்த்துமரபுக்குப் பொருந்துவதில்லை.

தெருக்கூத்தில் வேஷக்காரர் தானே பாடித் தானே ஆடுகிறார். ஆனால் அவர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். துரியோதனன் குரல் ஒரு தொண்டையில் கிளம்பி நாலு தொண்டைகளில் முடிகிறது. இது யார் குரல் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. தோற்பாவைக் கூத்து இன்னும் ஒரு படி மேலே போகிறது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் அனுமனாகவும் பேசுகிறார். உச்சிக்குடும்பனாகவும் உளுவத்தலையனாகவும் சிரிக்கவைக்கிறார். தென்மாவட்டங்களில் இக்கூத்தை நடத்திவந்த மண்டிகர் சமூகத்தாரின் வீட்டுமொழி மராத்தி. மராத்தி பேசும் ஒரு தொண்டைதான் தமிழ்ச் சீதையாகப் பல தலைமுறைகள் பேசியிருக்கிறது. பார்வையாளர் யாரும் ஏமாறவில்லை. ஏனென்றால் அங்கே பிரிவு வெளிப்படையானது. பொம்மை பேசாது என்பது குழந்தைக்கும் தெரியும். பேசுகிறவர் யாரென்பதும் ஊருக்குத் தெரியும்.

கம்பெனி நாடகம் வேறு மாதிரி. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேராத குரலுக்கு அங்கே வேலை கிடையாது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அவர் தொண்டையின் உயரத்தில் நின்ற புகழ். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டுவந்த பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் அன்றோடு அவன் வேஷமும் போயிற்று, சில வேளை சோறும் போயிற்று. உடல் எதை வேண்டுமானாலும் வேஷம் கட்டலாம், ஆண் பெண்ணாகலாம். குரல் மட்டும் இரவல் வாங்க முடியாததாக இருந்தது. குரல்தான் அங்கே மூலதனம்.

இந்த மூலதனத்துக்குத் திரைப்படம் கொடுத்த உச்சவிலை கே.பி. சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. 1935இல் வெளியான நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடிக்க அவருக்கு 1 லட்சம் ரூபாய் தரப்பட்டது. ஆண் வேஷத்தில் ஒரு பெண். தோற்றம் பொருந்துகிறதா என்று கேட்டு யாரும் காசு கொடுக்கவில்லை. அந்தக் குரல் வேண்டியிருந்தது, அதைச் சுமந்த உடல் எதுவானாலும் சரி என்று ஏற்கப்பட்டது. இந்த வரிசை பின்னால் எப்படித் தலைகீழானது என்பதைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும்.

3

தமிழ்ப் பேசும்படம் பிறந்தபோதே ஒரே மொழியில் பேசவில்லை. 1931இல் வந்த காளிதாஸ் படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பாடினார். உரையாடலில் தெலுங்கும் கலந்திருந்தது. பார்த்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். குரல் திரையிலிருந்து வருவதே அதிசயமாக இருந்த காலம் அது.

அடுத்த 15 ஆண்டுகளுக்குள் பிரிவுக்கான கருவிகள் வந்து சேர்ந்துவிட்டன. ஏ.வி. மெய்யப்பனின் நந்தகுமார் (1938) படத்தில் ஒருவர் வாயசைக்க லலிதா வெங்கட்ராமன் பாடினார். அதே மெய்யப்பன் ஹரிச்சந்திரா கன்னடப் படத்துக்குத் தமிழ்க் குரல் பூசி 1944இல் வெளியிட்டார். ஒன்று பின்னணிப் பாட்டு, மற்றொன்று டப்பிங். இரண்டும் கூடப்பிறந்தவை. ஒரே வேலை, ஒரே நுட்பம்: வேறொருவர் உதட்டுக்குத் தன் மூச்சைக் கொடுப்பது. ஆனால் ஒருத்திக்குப் பட்டம், பாராட்டு விழா, பொன்னாடை. மற்றவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். ஏன் அப்படி?

பாட்டு உயர்ந்த கலை, பேச்சு சாதாரணம் என்று பதில் சொன்னால் அது அழகியல் பதில். சரக்குச் சுழற்சியின் பக்கம் போனால் வேறு பதில் கிடைக்கிறது. பாட்டு படத்தைவிட்டுக் கழன்று தனியாக இசைத்தட்டில் விற்றது, வானொலியில் ஒலித்தது. தனியாக விற்கும் சரக்குக்கு ஒரு முத்திரைப் பெயர் வேண்டும். அந்தப் பெயரும்கூடத் தானாக வந்துவிடவில்லை. மஹல் (1949) இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு வெளிவந்த இசைத்தட்டில் பாடியவர் என்று முதலில் அச்சாகியிருந்தது காமினி. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். கேட்டவர்கள் விசாரிக்கத் தொடங்கிய பிறகே அவர் பெயர் வெளியில் வந்தது. ஆக, பின்னணிப் பாடகி என்னும் புகழ்பெற்ற உருவமும் பெயரில்லாமல் தொடங்கியதுதான். பெயர் என்பது கேட்டு வாங்கப்பட்டது.

பேச்சும் படத்தைவிட்டுக் கழன்று சுற்றியதுண்டு. திருவிளையாடல் (1965) வசனம் இசைத்தட்டாகக் கோயில் திருவிழாக்களில் ஒலித்தது. விதி (1984) ஒலிநாடா டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் முழங்கியது. ஆனால் அங்கே விற்ற பெயர்கள் நட்சத்திரமும் வசனகர்த்தாவும். இன்னொரு உதட்டுக்காகப் பேசிய தொண்டை சரக்காகவில்லை. ஆகவே பெயராகவும் ஆகவில்லை.

4

சாவித்திரி, பத்மினி, பானுமதி இவர்களெல்லாம் சொந்தக் குரலில் பேசினார்களே, பிற்காலத்துக் கதாநாயகிகளுக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்கு நடிகைகளின் திறமையில் பதில் தேடுவது வழக்கம். தொழில் நடந்த முறையில் தேடினால் தெளிவாகும்.

ஸ்டூடியோ தளத்துக்குள் படம் எடுத்தபோது கேமராவின் சத்தத்தை மூடி அடக்க வழி இருந்தது. மைக் தலைக்கு மேலே தொங்கியது. நடிக்கும்போதே பேச்சும் பதிவாயிற்று. பேச வராதவர் அந்தத் தளத்தில் நிற்க முடியாது. 1970களின் பிற்பகுதியில் தமிழ்ப்படம் தளத்தைவிட்டு வயல்வெளிக்குப் போனது. அதை யதார்த்தத்தின் வருகை என்று கொண்டாடினோம், கொண்டாடியதில் தப்பில்லை. ஆனால் வெளிப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போன இலகுவான ஆரிஃப்ளெக்ஸ் கேமரா தையல் இயந்திரம்போலச் சத்தம் போடும். போதாக்குறைக்கு ஊர்ச்சனம், காற்று, பஸ். அங்கே பதிவாகும் பேச்சு வெறும் வழிகாட்டி ஒலிதான். உண்மையான பேச்சைச் சென்னைக்கு வந்து டப்பிங் தியேட்டரில் மறுபடி பதிய வேண்டும். மண்ணின் யதார்த்தத்தைக் காட்டப் புறப்பட்ட சினிமா மண்ணின் ஓசையை இப்படித்தான் கைவிட்டது.

எப்படியும் மறுபடி பேச வேண்டியிருக்கிறது என்றானதும் அடுத்த கேள்வி தானாக வந்தது: அவளேதான் பேச வேண்டுமா? அவளுக்கு மொழி தெரியாது, கால்ஷீட் இல்லை, குரல் தடிப்பு, குரல் கீச்சு. காரணத்துக்கா பஞ்சம்? படப்பிடிப்பில் உதவி இயக்குநர் ஓரமாக நின்று சொல்லச் சொல்ல அவள் உதட்டை அசைத்தால் போதும் என்றாயிற்று.

டப்பிங் தியேட்டரில் நடந்த வேலை எத்தகையது? படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி லூப் ஆக்குவார்கள். அந்தச் சில வினாடிக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். குரல் கலைஞர் இருட்டில் நின்று, காதில் வழிகாட்டி ஒலியைக் கேட்டு, திரையில் உதட்டைப் பார்த்து, கையில் தாளை வைத்துக்கொண்டு பேச வேண்டும். உதடு மூடும் இடத்தில் ‘ம’வோ ‘ப’வோ வந்தால்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் வாக்கியத்தை அங்கேயே மாற்றிப் பேச வேண்டும். பேச்சு மட்டுமல்ல, மூச்சிரைப்பு, விக்கல், கேவல், வெட்கச் சிரிப்பு, பிரசவ அலறல் எல்லாம் அவருடையது. கதையின் முன்பின் தெரியாமல், எதிரே யாரும் இல்லாமல், ஒரு துண்டு அழுகை, ஒரு துண்டு சிரிப்பு. பின்னால் கணினி வந்து லூப் ஒழிந்தது. எதிர்நடிகர் இல்லாத அந்த இருட்டு ஒழியவில்லை. உழைப்பாளி தான் செய்த பொருளிலிருந்து அந்நியமாவதை மார்க்ஸ் தொழிற்சாலையில் கண்டு சொன்னார். தன் அழுகையே இன்னொருத்தியின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு, தன்னை யாரென்று கேட்கும் நிலை அதன் இன்னொரு வடிவம்.

5

இனி மையமான விஷயத்துக்கு வரலாம். டப்பிங் எல்லோருக்கும் பொதுவான தொழில்நுட்பம்தான். ஆனால் சொந்தக் குரலை வைத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் பொதுவாக இல்லை.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் பழையபடி வரவில்லை. அந்தத் தொழிலில் எவருக்கும் தோன்றியிருக்கக்கூடிய வழி இரவல் குரல். ஆனால் அதே ஆண்டு வந்த காவல்காரன் படத்திலும் அதற்குப் பின்னாலும் குழறிய அந்தக் குரலிலேயே அவர் பேசினார். ஜனங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தியாகத் தழும்பாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குரலோடுதான் அவர் 1977இல் முதலமைச்சரானார். பெங்களூரிலிருந்து வந்த ரஜினிகாந்தின் தமிழ் உச்சரிப்பு பள்ளிக்கூட வாத்தியார் காதைத் திருகும்படியானதுதான். அது ‘ஸ்டைல்’ ஆயிற்று. மிமிக்ரி மேடைகளில் பாடமாயிற்று.

ஆண்களுக்கும் இரவல் குரல் உண்டு என்பதை மறுக்கவில்லை. அமராவதி (1993) படத்தில் அஜித்துக்கும், காதலன் (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும், காதல் தேசம் (1996) படத்தில் அப்பாஸுக்கும் பேசியவர் விக்ரம். ஆனால் இது ஏணிப்படி. அஜித் அந்தப் படியைத் தாண்டிச் சொந்தக் குரலுக்கு வந்தார். குரல் கொடுத்த விக்ரமும் தாண்டி நட்சத்திரமானார். ஆணுக்கு இரவல் குரல் ஒரு பருவம். கதாநாயகிக்கோ பெரும்பாலும் அதுவே ஆயுள். நயன்தாரா தமிழில் அறிமுகமானது 2005இல், ஐயா படத்தில். 2015இல் நானும் ரௌடிதான் படத்தில் அவர் சொந்தக் குரலில் பேசியது தனிச் செய்தியாக வந்தது. ஒரு நடிகை தன் வாயால் தானே பேசியது செய்தியாகும் சூழல் என்ன சூழல்?

பட்டியல் நீளமானது. பம்பாய் (1995) படத்தில் மனீஷா கொய்ராலாவுக்கும் இருவர் (1997) படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் நடிகை ரோகிணியின் குரல். மின்சாரக் கனவு (1997) படத்தில் கஜோலுக்கு ரேவதியின் குரல். சிம்ரனும் ஜோதிகாவும் பல படங்களில் பேசிய தமிழ் சவிதாவினுடையது. இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறதல்லவா? உடல் வடக்கிலிருந்து வருகிறது. நிறம், உயரம், மூக்கு எல்லாம் விளம்பரச் சந்தை நிர்ணயித்த அளவில். குரல் இங்கே தமிழ் வாயில் புழங்கும் பெண்களிடமிருந்து வருகிறது. காதலுக்கும் கோபத்துக்கும் தாலாட்டுக்கும் இந்த ஊர்க் குரல் வேண்டும், அப்போதுதான் நெஞ்சில் படும். ஆனால் அந்தக் குரல் குடியிருக்கும் உடல் திரைக்கு ஆகாது. கேட்கத் தகுந்தவள், பார்க்கத் தகாதவள். சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் கொடுத்த வரிசை இங்கேதான் தலைகீழாகிறது.

காஜா சில்வர்மன் 1988இல் எழுதிய ‘ஒலிக்கண்ணாடி’ என்னும் நூலில் ஹாலிவுட் குறித்து ஒரு கருத்தை முன்வைக்கிறார். ஆண் குரலுக்கு உடலைவிட்டு வெளியேறும் சலுகை உண்டு. அது முகம் காட்டாமல் மேலேயிருந்து கதைசொல்லும், விளக்கம் தரும், தீர்ப்பு வழங்கும். பெண் குரலோ எப்போதும் ஒரு பெண்ணுடலோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். தமிழுக்கு இது பாதி பொருந்துகிறது. படம் தொடங்குமுன் மக்களை விளித்துப் பேசும் பாரதிராஜாவின் கரகரத்த குரலை நினைத்துப் பாருங்கள். முகமில்லாத அந்தக் குரல் ஆசிரியனின் கையெழுத்து. முகமில்லாத பெண் குரலுக்கு அத்தகைய அதிகாரம் கிடைக்கவில்லை. இங்கே அது கட்டிப்போடப்பட்டிருப்பது இன்னொருத்தியின் உடலோடு. இந்த மறுபாதி சில்வர்மன் பார்க்காதது.

வட்டாரமும் சாதியும் இதில் கலந்தே இருக்கின்றன. மனோரமாவும் காந்திமதியும் கடைசிவரை சொந்தக் குரலில் பேசினார்கள். ஊர்ப்பேச்சின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அவர்களிடம் இருந்தது. அவர்கள் ஆச்சி, அம்மா, சண்டைக்காரி, சிரிப்புக்காரி. கதாநாயகி களத்துமேட்டில் நின்றாலும் பெரும்பாலும் அவளுக்குப் பேசுவது எந்த ஊரும் இல்லாத ஒரு சுத்தமான, மிருதுவான தமிழ். ரோலன் பார்த் குரலின் சொரசொரப்பைப் பற்றி எழுதினார்: பொருளுக்கு அப்பால் தொண்டையும் நாக்கும் பல்லும் குரலில் விட்டுச்செல்லும் உடலின் தடம். கதாநாயகியின் குரலில் இழைத்துத் தள்ளப்படுவது இந்தச் சொரசொரப்புதான். விருப்பத்துக்குரிய பெண்ணுக்கு ஊர் இருக்கக்கூடாது, சாதி தெரியக்கூடாது, வயசு கூடாது.

விதிவிலக்குகளும் இதையே சொல்கின்றன. கன்னடம் பேசிய பி. சரோஜாதேவியின் தமிழ் சுத்தமானதல்ல. அவர் குரல் நீக்கப்படவுமில்லை. அது குழந்தையின் மழலைபோலக் கொஞ்சியதால் ரசிக்கப்பட்டது. ஆணின் பிழையான தமிழ் மிடுக்கு. பெண்ணின் பிழையான தமிழ் மழலையாக இருந்தால் மட்டும் மன்னிப்பு. மொழி (2007) படத்தில் ஜோதிகா காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக வருகிறார். இரவல் குரலில் பேசிவந்த ஒருவர், பாத்திரம் பேசாதபோதுதான் தன் நடிப்பு முழுவதையும் தன் உடலிலேயே நிகழ்த்த முடிந்தது. அது பெரிதும் பாராட்டப்பட்டது.

இதை ‘தமிழச்சிதான் நடிக்கணும், தமிழச்சிதான் பேசணும்’ என்று இனத்தூய்மைக் கோஷமாகச் சுருக்கிவிட வேண்டாம். மராத்தி நாக்கில் தமிழ்ச் சீதை பேசிய ஊர் இது. உச்சரிப்புப் பிழையோடு ஒரு நடிகை தன் குரலில் பேசினால் கேட்க நாம் பழக வேண்டும். இன்னொருத்தி பேசினால் அவள் பெயரையும் கேட்க வேண்டும். சொல்வது இவ்வளவுதான்.

6

பிற ஊடகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரின்மை இயற்கை விதியல்ல என்பது விளங்கும்.

வானொலி முழுக்க உடலற்ற குரல்களின் ஊடகம். ஆனால் அங்கே குரல் முதலில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பேசத் தொடங்கும். டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் முகத்தைப் பார்த்தவர்கள் சொற்பம். 2022இல் அவர் மறைந்தபோது, முகம் தெரியாத அந்தப் பெண்மணிக்காக வருத்தப்பட்டவர்கள் ஏராளம். முகமில்லாமல் பெயர் நிற்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தொலைக்காட்சி இடையில் நிற்கிறது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவி ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு டோராவைத் தமிழ் பேசவைத்தது. கார்ட்டூனில் நடிப்பின் உயிர் முழுவதும் குரலில்தான். பிரதி எடுக்க வேண்டிய மனித முகம்கூட இல்லை. நமது பிள்ளைகள் அந்தக் குரல்களை வீட்டில் பேசிப் பேசி விளையாடினார்கள். பேசியவர் பெயரைக் கேட்டால் பெற்றோருக்கும் தெரியாது.

அகில இந்தியச் சந்தை வந்தபின் நிலைமை இன்னொரு திருப்பம் கண்டிருக்கிறது. புஷ்பா (2021) படத்தின் இந்தி வடிவில் அல்லு அர்ஜுனுக்குப் பேசியவர் ஷ்ரேயஸ் தல்படே என்பது விளம்பரமாகவே பேசப்பட்டது. தெலுங்கில் கமல்ஹாசனுக்குப் பேசியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், ரஜினிக்குப் பேசியவர் மனோ என்பதும் எல்லோரும் அறிந்ததுதான். ஏற்கெனவே பெயர் உள்ள ஆண் குரல் கொடுத்தால் பெயர் கூடுகிறது. குரல் மட்டுமே தொழிலாகக் கொண்டவருக்குக் கிடைப்பதில்லை. வழி இல்லை என்பதல்ல, மனம் இல்லை.

7

பெயர் போடாவிட்டால் என்ன, கூலி வந்தால் சரிதானே என்று டப்பிங் கலைஞர்களிலேயே சிலர் சொல்லக்கூடும். இங்கேதான் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது. 2012 திருத்தம் அதை விரிவாக்கியது. பாடகர்கள் ராயல்டி கேட்க வழி பிறந்தது. அதே 2012 திருத்தத்தில் ஒரு விலக்கும் நுழைந்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ சில்லறையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் அவர் பெயர் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். தன் நிகழ்த்தலைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்றுதான் மிஞ்சும்.

படம் முழுக்கக் கதாநாயகியாகப் பேசியவரின் பங்கு சில்லறையானது என்று நேர்மையுள்ளவர் எவரும் சொல்ல முடியாது. ஆனால் பெயர் போடாத வழக்கம் அப்படிச் சொல்ல விரும்புகிறவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது. டைட்டிலில் ஒரு வரி என்பது புகழாசை சார்ந்த விஷயமல்ல. சட்டத்தின் முன் ஆளாக நிற்பதற்கான வாசல்.

இந்த வாசல் இப்போது முன்னெப்போதையும்விட அவசியமாகிவிட்டது. லால் சலாம் (2024) படத்தின் ஒரு பாட்டுக்காக, மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஏ.ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் ஊதியம் அளித்ததாகவும் அவரே தெரிவித்தார். 2023இல் வந்த கீடா கோலா தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கியதாக அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் விட்டார். நடிகர் அனில் கபூரின் குரலையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 2023இல் டெல்லி உயர்நீதிமன்றம் தடுத்தது. பாடகர் அரிஜித் சிங்குக்கு 2024இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்தகைய பாதுகாப்பளித்தது. இவர்களுக்குப் பெயர் இருக்கிறது. கேட்டால் இன்னாருடைய குரல் என்று உலகம் சாட்சி சொல்லும். 30 வருஷம் வேறு வேறு முகங்களுக்குப் பேசிய ஒரு பெண்ணின் குரலை இயந்திரத்துக்குத் தீனியாகப் போட்டால் இது என் குரல் என்று அவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்? அந்தக் குரலோடு நம் மனசில் ஒட்டியிருப்பது இன்னொருத்தியின் முகமாயிற்றே. பெயரில்லாத குரலை எடுத்துக்கொள்வதற்குத் திருட்டு என்ற பெயரும் இல்லாமல் போகும்.

அமெரிக்காவில் 2023இல் திரை நடிகர்களும், 2024 ஜூலை முதல் ஏறத்தாழ ஓராண்டு வீடியோ கேம்களுக்குக் குரலும் உடலசைவும் தரும் கலைஞர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டிலும் இந்த இயந்திரப் பிரதி முக்கியமான கோரிக்கை. அங்கே முன்னின்றது அவர்களின் சங்கம். இங்கே சங்கம் எந்தப் பக்கம் நின்றது? பாலியல் தொந்தரவு குறித்துப் பகிரங்கமாகப் பேசிய சின்மயி 2018 நவம்பரில் டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். அதை அவர் மறுத்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ‘96’ படம் வந்திருந்தது. அதில் திரிஷாவின் பேச்சும் பாட்டும் அவருடைய குரல்தான். அந்தக் குரலைக் கேட்டு நாடே உருகிக்கொண்டிருந்த நாட்களில் அக்குரலுக்குரியவரின் வேலை பறிபோனது. 2023இல் லியோ படத்தில் அவர் மறுபடி திரிஷாவுக்குப் பேசினார். ஒரு பெண் தன் குரலில் தன் விஷயத்தைப் பேசினால் அவள் இரவல் கொடுக்கும் குரலும் நிறுத்தப்படும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உழைப்பவருக்காக ஏற்பட்ட சங்கம் வாயிற்காவலனாகவும் ஆகக்கூடும் என்பதை இடதுசாரித் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? தயாரிப்பாளர்கள் யார் யாருக்கு யார் பேசினார் என்று பாத்திரவாரியாக டைட்டிலில் போட வேண்டும். மொத்தமாக ஒரு வரியில் நாலைந்து பெயரைத் தள்ளிவிடுவது போதாது. குரலை வேறு படத்துக்கோ இயந்திரப் பயிற்சிக்கோ பயன்படுத்துவதானால் தனி ஒப்புதல், தனி ஊதியம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் குரல் கலைஞருக்கு இடம் இருக்கிறது. அந்த விருது இல்லாத இடங்களில் அதைக் கேட்க வேண்டும். இவையெல்லாம் அவர்கள் கையில் இருப்பவை.

நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. இனிமேல் ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது, நடிகையின் பெயருக்குப் பக்கத்தில் அவளுக்காகப் பேசியவர் பெயரை விசாரித்து எழுதுவோம். தெரியாவிட்டால் படக்குழுவிடம் கேட்போம். சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுதுவோம். சிறுபத்திரிகையில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். காமினி என்று அச்சான இடத்தில் லதா என்று வந்ததற்கும் யாரோ சிலர் விடாமல் கேட்டதுதானே காரணம்.